தட்டச்சு செய்தவர் உடன்படவில்லை

அலமாரியைக் காலி செய்யச் சொல்லி வீட்டில் உத்தரவு. ஊருக்கு வெளியே செங் என்ற இடத்தில் மகள் வாங்கியிருக்கும் வீட்டுக்குக் குடிபோகிறோம். அங்கே எனக்கு ஓர் அறை உண்டாம், என் காகிதங்களுக்கு இல்லையாம். சரி என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழ்த்தட்டின் மூலையில் ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. மூடியைத் திறக்கும் முன்பே மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாடை. உள்ளே கார்பன் தாள்கள், பலமுறை பயன்படுத்தி ஓய்ந்துபோனவை.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கதைகளில் என்றால் இந்த இடத்தில் ஒரு முக்கியமான வரி தெரிந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுத்தின்மேல் எழுத்து விழுந்து எல்லாம் ஒரே நீலப் புகையாக இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு இத்தன வருஷமா வச்சிருக்கீங்க? வீசிடவா?" என்றாள் மனைவி.

"வீசிடு" என்றேன். விரல்நுனியில் ஒட்டிய நீலம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். இப்போது நினைத்தால், அந்த வருஷங்களில் எல்லாரும் பாரம் நிரப்பிக்கொண்டே இருந்ததுபோல் தோன்றுகிறது. குடியுரிமைக்கு ஒரு பாரம், அடையாளக் கார்டுக்கு ஒரு பாரம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாரம். எல்லாவற்றிலும் ஒரு கட்டத்தில் 'நீ யார்' என்று கேட்டிருக்கும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தக் கட்டங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். பால் மரம் சீவிய கைகள் என் முன்னால் பெருவிரலை நீட்டும், நான் மையில் தோய்த்து அழுத்துவேன். அவர்கள் யார் என்பதை அவர்களைவிட நான் நன்றாக அறிந்தவன் என்ற எண்ணம் அங்கேதான் எனக்கு முளைத்திருக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனதும் கழுத்தில் டை கட்டிக்கொண்டேன். விடுமுறையில் ஊருக்கு வந்து மலாக்கா வெயிலிலும் டை கட்டியவனை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பார்த்தவர்கள் சிரித்துத்தான் இருக்கிறார்கள், எனக்குத்தான் அது மரியாதைப் புன்னகையாகத் தெரிந்தது.

கடைசி வருஷம் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும், ஆங்கிலத்தில். என் பேராசிரியர் சென்னையிலிருந்து வந்தவர். தமிழை உயிராக நினைத்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் மலாக்காப் பக்கம் என்று தெரிந்ததும் அவரே தலைப்பும் கொடுத்துவிட்டார்: 'மலாக்கா செட்டிகள், ஒரு சிதைவின் வரலாறு.' போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, சாமியை விடாமல் மொழியை மட்டும் விட்டுவிட்டவர்கள் என்பது அவர் கணக்கு. சிதைவு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டு வயதில் அப்படிப்பட்ட சொற்கள் பிடிக்கும்.

விடுமுறைக்கு வந்து, ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாமாவின் மாடியறையில் தங்கினேன். அங்கிருந்து காஜா பேராங் சைக்கிளில் போகிற தூரம்தான். மூன்று மாலைகள் அங்கே செட்டிகள் குடியிருந்த கம்போங் செட்டிக்குப் போய் வந்தேன். வாசலில் மாவிலை, உள்ளே சாமி படம், பெண்கள் உடுத்தியிருப்பது மலாய்ப் பெண்களைப்போல் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். வீடு வீடாக நின்று ஒரே கேள்வி கேட்டேன்: தமிழ் பேசத் தெரியுமா? தெரியாது என்றதும் நோட்டில் ஒரு கோடு. மூன்று மாலைகளில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாலாவது நாள் எழுத ஆரம்பித்தேன்.

எழுதியதைத் தட்டச்சு செய்ய, மாமா கடைக்கு நாலு கடை தள்ளி மாடியில் இருந்த டைப்பிங் கிளாஸுக்குக் கொடுத்தேன். ஏழெட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தட்டும் அந்த ஓசை தெருவரை கேட்கும், தகரக் கூரையில் மழை பெய்வதுபோல. அங்கே வேலை செய்தவள் என் வயதுப் பெண். கெபாயா, கொண்டை, நெற்றியில் சிறிய குங்குமம். நாச்சி என்று கூப்பிட்டார்கள். என் தாள்களை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை வரச் சொன்னாள். அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தவன் நான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை இருபது பக்கங்கள் கிடைத்தன. ஒரு பிழை இல்லை, ஒரு அழிப்பு இல்லை. கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து பெருமையோடு புரட்டினேன். 'இம்மக்கள் தம் தாய்மொழியை இழந்து வேரறுந்து நிற்கின்றனர்' என்று நான் எழுதியிருந்த வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி. நான் போட்டதில்லை. பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, ஆங்கிலத்தில் இப்படி இருந்தது:

'தட்டச்சு செய்தவர் இதற்கு உடன்படவில்லை. அவருடைய தாய் அவருக்கு ஒரு மொழியைக் கற்றுக் கொடுத்தார். அது இழக்கப்படவில்லை.'

அடுத்த பக்கத்திலும் ஒன்று. 'இவ்வீடுகளின் சடங்குகள் பொருள் அறியாமல் செய்யப்படுபவை' என்பதற்குக் கீழே: 'இவ்வாசிரியர் பொருள் என்ன என்று யாரையும் கேட்கவில்லை.' மொத்தம் பதினொரு குறிப்புகள். மூன்று பிரதிகளிலும், கார்பனின் உபயத்தில்.

படியேறிப் போனேன். கோபத்தில் டை முடிச்சு காதுப்பக்கம் போய்விட்டிருந்தது.

அவள் பேசியதெல்லாம் மலாயில். கம்போங் செட்டி மலாய், நடுவில் கோவில், தங்கச்சி என்று தமிழ்ச் சொற்கள் வரும். இங்கே நம் பேச்சுக்கு மாற்றித் தருகிறேன். காரம் குறைந்தால் பழி என்னுடையது.

"இத எழுதச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல" என்றாள். "மேல இருக்கிறத எழுதச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

"என் பேராசிரியர்."

"அவர் காஜா பேராங் வந்திருக்காரா?"

"இல்ல. நான் வந்தேன்."

"தெரியும். ரெண்டாம் நாள் எங்க வீட்டுக்கு வந்தீங்க. எங்கம்மா கொடுத்த தண்ணிய ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க. தமிழ் தெரியுமான்னு கேட்டீங்க. அம்மா தெரியாதுன்னாங்க. நீங்க நோட்ட மூடிட்டீங்க. அம்மாவுக்கு என்ன தெரியும்னு கேட்கவே இல்லையே, இஞ்சே."

இஞ்சே என்றால் ஐயா. அந்தக் காலத்தில் கடிதத்தில்கூட மரியாதைக்கு எழுதுவார்கள். அவள் சொன்னபோது அதில் மரியாதை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்ற மெஷின்கள் நின்றுவிட்டன. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவள் அவள். மேலே படிக்க ஒரு தமிழர் சங்கத்தில் உதவிச் சம்பளத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நேர்காணலில் ஒரு தமிழ்ப் பத்திரிகையை நீட்டிப் படிக்கச் சொன்னார்களாம். அவளுக்குத் தெரியவில்லை. நீ இந்தியப் பெண்ணே இல்லையேம்மா என்று கடிதம் வந்துவிட்டது. வேறோர் இடத்தில் கேட்டதற்கு, நீ மலாய்க்காரி இல்லையே என்றார்களாம்.

"ரெண்டு இடத்துலயும் உட்கார நாற்காலி கொடுத்தாங்க. அத மட்டும் சொல்லணும்" என்றாள்.

நான் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். ஒரு நிபந்தனை, கேள்வி கேட்கக் கூடாது.

பழக் காலம் அது. காஜா பேராங் முழுக்க டுரியான் வாடை. அந்தப் பருவத்தில் முன்னோருக்குப் பழம் படைப்பது அவர்கள் வழக்கம், 'பார்ச்சு' என்பார்கள். என் காதுக்கு அது 'படைச்சு' என்றே கேட்டது. நடுவீட்டில் வாழையிலைகளை வரிசையாக விரித்து, அவளும் அவள் அம்மாவும் சோறும் குழம்பும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலும் வைத்தார்கள். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுரியான் சுளையும் வைத்தார்கள். சாம்பிராணிப் புகை எழுந்தது. வாசற்கதவை விரியத் திறந்துவிட்டு, அம்மா கைகூப்பி நின்று மலாயில் அழைத்தார்: வாங்க, வந்து சாப்பிடுங்க, பிள்ளைங்களப் பார்த்துக்குங்க. பிறகு பெயர்கள். தன் கணவர், அவர் அப்பா, அவருக்கு அப்பா, அவர்களுடைய மனைவிமார். வைத்திலிங்கம், மீனாட்சி, அருணாசலம், தெய்வானை. உச்சரிப்பு சற்றே வளைந்திருந்தது. ஆனால் நிறுத்தாமல், தடுமாறாமல், ஏழு தலைமுறை.

கேள்வி கேட்கக் கூடாது என்ற நிபந்தனை எனக்குத்தான், அவளுக்கு இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "உங்க தாத்தா பேர் என்ன?"

சொன்னேன்.

"அவருக்கு அப்பா?"

எனக்குத் தெரியாது. தாத்தாவின் பெயரே கப்பலேறி வந்தபோது எழுதிய ஒரு சீட்டில் இருந்ததால் தெரிந்தது. அதற்கு அப்பால் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தோட்டத்தில் செத்தவர்களை நாங்கள் அழுது புதைத்தோம், பெயர் வரிசையாகச் சொல்லி யாரும் எங்களுக்குப் பழக்கவில்லை. வாயில் தமிழை வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நாச்சி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கருணைக்காக அவளுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

மறுநாள் முதல் பக்கத்தில் 'ஒரு சிதைவின் வரலாறு' என்பதை அடித்தேன். அவ்வளவு எளிதில் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மற்ற வரிகளுக்காக நாலு வாரம் சண்டை போட்டேன். அவள் குறிப்புக்குக் கீழே நான் பதில் எழுதுவேன், என் பதிலுக்குக் கீழே அவள் எழுதுவாள். சில பக்கங்களில் மேலே மூன்று வரியும் கீழே முப்பது வரியுமாக ஆய்வேடு தலைகீழாக நின்றது. அவள் எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். தங்கள் தெருவைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னாலே சீறுவாள். 'இங்கேயும் யாரோடு யார் சாப்பிடலாம் என்ற பேச்சு உண்டல்லவா' என்று ஒரு முறை எழுதினேன். இரண்டு நாள் தாளே திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, அடியில் ஒரு வரியோடு: 'உண்டு. தட்டச்சு செய்தவர் வெட்கப்படுகிறார்.'

மாமாவுக்குச் சந்தேகம். "என்னா மாப்ளே, நாலு பக்கம் டைப் அடிக்க நாள் முழுக்க அங்கயே ஒக்காந்திருக்க?" என்றார். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள் என்று தெரியும். அதெல்லாம் இல்லை. எங்களுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை.

விடுமுறை முடியும் தறுவாயில் பேராசிரியரே வந்துவிட்டார். செட்டிகளை நேரில் பார்க்க ஆசை என்றார். காஜா பேராங்குக்குக் கூட்டிப் போனேன். நாச்சியின் குடும்பத்துக் கோவில் முற்றத்தில் அவளும் அம்மாவும் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியருக்கு மலாய் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளிடம் ஆங்கிலத்தில் கேட்கலாம் என்றேன். தமிழர் கோவிலில் நின்று ஆங்கிலம் பேச மாட்டேன் என்றார். ஆக, நடுவில் நான்.

ஒன்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு எனக்குப் பழகிய தொழில். தோட்டத்தில் துரை திட்டுவதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி திட்டுவதைத் துரைக்கும் நான்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் முனையை மழுக்கிவிட்டுத்தான் சொல்வேன். துரை "சோம்பேறிக் கழுதை" என்றால், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்றார்" என்பேன். அப்படித்தான் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கினேன்.

பேராசிரியர் விளக்கைப் பார்த்தார். நாச்சியைப் பார்த்தார். "கேளும் தம்பி, இந்தப் பெண்ணைக் கேளும். தாய்மொழியைத் தொலைத்துவிட்டு இந்த விளக்கை ஏற்றி என்ன பயன்? வெட்கமாக இல்லையா என்று கேளும்."

நான் தயங்கினேன். 'தமிழ் கற்றுக்கொள்ள விருப்பமா என்று கேட்கிறார்' என்ற வாக்கியம் நாக்கில் தயாராக வந்து நின்றது. நாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் சொன்னது புரியவில்லை, நான் என்ன செய்யப்போகிறேன் என்பது மட்டும் புரிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வெட்கத்தையும் சேர்த்து.

அம்மாவின் கை எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றது. நாச்சி சேலைத் தலைப்பு இல்லாத தன் கெபாயாவைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகப் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள், நான் சொல்லி முடிக்கட்டும் என்று.

"ஐயாகிட்ட சொல்லுங்க. நாங்க வரும்போது கூட்டிட்டு வந்த சாமிய விடல. போர்த்துகீசியன் வந்தான், விடல. டச்சுக்காரன் வந்தான், விடல. வெள்ளைக்காரன் வந்தான், ஜப்பான்காரன் வந்தான், அப்பவும் இந்த விளக்கு எரிஞ்சது. இத்தன காலத்துல எங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கணும்னு ஒரு வாத்தியாரும் கப்பல் ஏறி வரல. இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கார். வந்தவர் கேட்கிற முதல் கேள்வி, வெட்கமா இல்லையான்னு. அதையும் கேட்டு எழுதிக்கச் சொல்லுங்க."

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

பேராசிரியர் என்னிடம் மெல்ல, "இதை நீர் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம் ஐயா" என்றேன்.

அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். அம்மா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டார். ஆனால் பஸ் நிலையத்தில் என்னைத் தனியே நிறுத்தி, அந்த அடிக்குறிப்புகளை எடுத்துவிடும் என்றார். எடுத்துவிட்டால் நல்ல வகுப்பில் தேறலாம், துறையில் உதவி விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது, தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அங்கே வந்து உட்கார்ந்தால் தனக்கும் பெருமை. மனதாரத்தான் சொன்னார். எனக்கு அந்த நாற்காலி மேல் எவ்வளவு ஆசை என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நாச்சியிடம் சொன்னேன். "உங்க பேர் போட்ட புத்தகம். உங்க இஷ்டம்" என்றாள். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன்.

எடுக்கவில்லை. முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் போடச் சொன்னேன். வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இது இந்தியவியல் துறைக்கு உரியதே இல்லை, மலாய்த் துறைக்கு உரியது என்றார். மலாய்த் துறைக்காரர், இவர்கள் இந்துக்கள், எங்களுக்கு எப்படி என்றார். நாச்சிக்குக் கிடைத்த அதே நாற்காலியில் நானும் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் ஒருவர், யார் இந்தத் தட்டச்சுப் பெண், இவருக்கு என்ன தகுதி என்று கேட்டார். "நான் எழுதியதை முழுவதும் படித்தவர் அவர் ஒருவர்தான்" என்றேன். அது பெரிய துடுக்கு. வெறும் தேர்ச்சி கொடுத்து அனுப்பினார்கள்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. நான் மலாக்காவில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். நாச்சி மூன்றாம் முறை விண்ணப்பம் எழுதினாள், இந்த முறை ஆசிரியர் கல்லூரிக்கு. கார்பன் பிரதி ஒன்றை அதோடு இணைத்து, 'இதில் பாதி நான் எழுதியது' என்று குறிப்பு வைத்தாள். இடம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை மலாய்ப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தாள். தமிழ் மட்டும் கடைசிவரை கற்கவில்லை. ஒரு நாள் கேட்டேன். "ஆசை இருக்கு. கேட்டவங்க கேட்ட விதம்தான் பிடிக்கல" என்றாள். அறுபது வயதிலும் அந்தக் கோபத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாள்.

அவள் போய் ஆறு வருஷமாகிறது. டைப்பிங் கிளாஸ் இருந்த மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். காஜா பேராங்கில் கோவிலுக்குப் பின்னால் வானம் தெரிந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. அதையெல்லாம் சொல்லி அழ நான் வரவில்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

இப்போதெல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வருகிறது. பண்பாட்டு உரையாடல், பாரம்பரியப் பாதுகாப்பு என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கெபாயா உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளைகள். எல்லாரும் எல்லாரையும் மதிக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், சாப்பாடும் குறைவில்லை. போன மாதம் அப்படியொரு மேடையில் செட்டிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, ஒரு சடங்கைத் தப்பாகச் சொல்கிறேன், இரண்டு பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். யாராவது எழுந்திருப்பார்கள் என்று கொஞ்சம் நிறுத்திக்கூடப் பார்த்தேன். கம்போங்கிலிருந்து வந்தவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். பெரியவர் மனம் நோகுமே என்று புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் தப்பாகவே பேசி முடித்தேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.